அடுத்த இதழில் தொடராது

"முதலில் ஹீரோ யார் என்று சொல்லுங்கள்." மலையகத்துக்கென்று ஒரு சித்திரக்கதைச் சஞ்சிகை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், பதுளையானாலும் பண்டாரவளையானாலும், இரண்டாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அதன்பிறகு பேச்சு நகர்வதே இல்லை. தோட்டத்தில் பிறந்த ஒரு மாயாவி, நமுனுகுல மலையில் குகை வைத்திருக்கும் ஒரு வேதாளம், துப்பறியும் கணக்கப்பிள்ளை மகன் என்று பெயர் சூட்டு விழாவிலேயே பொழுது கழிந்துவிடும். "நாலைந்து தனிக்கதை போட்டால் என்ன?" என்று யாராவது கேட்டால் போதும். "அதெல்லாம் பக்கம் நிரப்பத்தான். புத்தகத்தைத் தூக்கி நிறுத்துவது ஹீரோதான்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

இது நம் ஊர்க்காரர்களின் கண்டுபிடிப்பும் அல்ல. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் நடுவே வருடக்கணக்காக ஓடும் பேச்சு இது. டெக்ஸ் வில்லர் விற்பார், கேப்டன் டைகர் விற்பார், ஒரே புத்தகத்தில் முடிந்துபோகும் கிராபிக் நாவல் தேங்கும். தெரிந்த முகம் இருந்தால்தான் வாசகன் காசை எடுப்பான் என்பது இவர்களுக்கு வேதவாக்கு. விற்பனைக் கணக்கோடு நான் சண்டை போட வரவில்லை. அந்தக் கணக்கிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவு தவறு என்பதுதான் என் கட்சி. அதிலும் ஊவாவில், தோட்டத்து வாசகனை மனதில் வைத்து ஒரு சஞ்சிகை தொடங்க நினைக்கிறவர்கள் இந்த முடிவை நம்பி இறங்கினால் மூன்றாவது இதழோடு கடையைக் கட்டவேண்டியதுதான்.

எல்லாரும் சாட்சிக்கு அழைக்கும் ஆளிடமிருந்தே தொடங்குவோம். இரும்புக்கை மாயாவி. 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழே அவர்தான். தமிழில் ஒரு சித்திரக்கதை நாயகன் அடைந்த புகழுக்கு அவரை மிஞ்சிய உதாரணம் கிடையாது. ஆனால் அவர் பிறந்த வீடு எது? 1962 அக்டோபரில் இங்கிலாந்தில் தொடங்கிய வேலியண்ட் என்ற வாரச் சஞ்சிகை. லூயிஸ் கிராண்டல் என்ற பெயரில், ஜீசஸ் ப்ளாஸ்கோவின் தூரிகையில், மற்ற பல கதைகளுக்கு நடுவே வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக அவர் ஓடினார். ஒவ்வொரு வாரமும் ஆபத்தின் உச்சியில் கதையை நிறுத்தி, மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

தமிழ்ச் சிறுவனின் கைக்கு வந்தது அந்த மாயாவி அல்ல. அங்கே பல வாரங்களாக ஓடியது இங்கே ஒரே புத்தகமாக வந்தது. முதல் பக்கத்தில் தொடங்கி கடைசிப் பக்கத்தில் முடிந்தது. முந்தைய புத்தகத்தைப் படித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை, அடுத்ததை வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மின்சாரத்தைத் தொட்டால் உடல் மறையும், கை மட்டும் தெரியும் என்ற ஒரு வரி போதும், கதைக்குள் நுழைந்துவிடலாம். தொடர் நாயகன் என்று நாம் கொண்டாடும் மாயாவி தமிழில் வென்றது தனிக்கதைகளின் நாயகனாகத்தான். ஸ்பைடருக்கும் இயந்திர மனிதன் ஆர்ச்சிக்கும் இதுவே பொருந்தும்.

ஊவாவுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். காரணம் வினியோகம். சிவகாசியில் அச்சான புத்தகம் கடல் கடந்து கொழும்புக்கு வந்து, 1924-இல் பதுளையோடு முடிந்துபோன ரயில் பாதையில் ஏறி, கடைசி ஸ்டேசனில் இறங்கி, அங்கிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் பஸ்ஸில் போகவேண்டும். 1970-களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1977-க்குப் பிறகு அது தளர்ந்தது. 1983 ஜூலையில் பதுளை கடைத்தெருவே எரிந்தது. இதற்கெல்லாம் நடுவில் தோட்டத்து லயத்துக்கு ஒரு காமிக்ஸ் போய்ச் சேர்ந்தால், அது எத்தனையாவது கையோ யாருக்குத் தெரியும். அட்டை போயிருக்கும். நடுப்பக்கத்தில் யாரோ கூட்டல் கணக்குப் போட்டிருப்பார்கள். வரிசை எண் பார்த்து வாசித்தவர்கள் நகரத்தில் இருந்திருக்கலாம். லயத்தில் வாசித்தவர்களுக்கு வரிசை என்பதே கிடையாது, கிடைத்ததுதான் வரிசை. அந்த மாயாவி மட்டும் "தொடரும்" என்று முடிந்து முடிந்து வந்திருந்தால், தெமோதரைக்கு அப்பால் அவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இன்று நிலைமை மாறிவிட்டதே, தபாலும் தொலைபேசியும் இருக்கின்றனவே என்பார்கள். தபால் இருக்கிறது, மாதாமாதம் காசு இருக்கிறதா? சம்பள நாள் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் புத்தகம். இரண்டு மாதம் வாங்கி மூன்றாம் மாதம் விட்டுப்போகும் வாசகனை, விட்டதற்காகத் தண்டிக்கும் சஞ்சிகை அவனுக்கு எதற்கு?

சரி, சந்தைக்கே வருவோம். நாயகன் இருந்தால் சஞ்சிகை வாழும், இல்லாவிட்டால் சாகும் என்பதுதானே வாதம். மாயாவியைப் பெற்ற வேலியண்ட் 1976-இல் நின்றுபோனது. ஆர்ச்சியும் ஸ்பைடரும் ஓடிய இங்கிலாந்து லயன் சஞ்சிகை, 1952-இல் தொடங்கியது, 1974-இல் மூச்சு விட்டது. அதே நாட்டில் 1961-இல் டண்டீ நகரத்து டி. சி. தாம்சன் நிறுவனம் கமாண்டோ என்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு போர்க்கதைப் புத்தகத்தைத் தொடங்கியது. அறுபது சொச்சம் பக்கம், ஒரு கதை, முடிந்தது. அடுத்த புத்தகத்தில் வேறு சிப்பாய், வேறு போர்முனை. எப்போதாவது ஒரு படைப்பிரிவு மறுபடி தலைகாட்டும், அவ்வளவுதான். 2017-இல் அது தன் 5000-ஆவது இதழைக் கண்டது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவிலும் இதே கதை. வேதாளனைக் கொடியாக ஏற்றி 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் 1990-இல் நின்றது. மூன்று வருடம் பிந்தி 1967-இல் ஆனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை, இதழுக்கு ஒரு ஆள், இதழுக்கு ஒரு கதை என்று போனது, இன்றும் விற்கிறது. 1984-இல் தொடங்கி, ஜேம்ஸ் பாண்டையும் பிற்பாடு மாயாவி வேதாளனையும் நம்பி ஓடிய ராணி காமிக்ஸ் 2005-இல் முடிந்தது.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: கிருஷ்ணனும் கர்ணனும் ஏற்கெனவே தெரிந்த முகங்கள்தானே, அமர் சித்திரக் கதை இரவல் புகழில் வாழ்கிறது என்று. நியாயமான ஆட்சேபம், பாதிவரை ஒப்புக்கொள்கிறேன். சஞ்சிகைகள் சாவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, காகித விலையிலிருந்து தொலைக்காட்சி வரை. நாயகர்கள்தான் அவற்றைக் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை. நாயகர்களால் அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை என்றுதான் சொல்கிறேன். கமாண்டோவின் பெயர் தெரியாத சிப்பாய்களுக்கு எந்தப் புராணமும் முட்டுக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தமிழிலேயே ஒரு பரிசோதனை நடந்தது. 1986-இல் லயன் குழு திகில் காமிக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கியது. சின்னச் சின்னப் பேய்க்கதைகள், ஒவ்வொன்றும் தன்னளவில் முடிவது. கருப்புக் கிழவி என்று ஒருத்தி வந்து கதை சொல்லிவிட்டுப் போவாள். பிறகு கேப்டன் பிரின்ஸும் பேட்மேனும் அதற்குள் குடியேறினார்கள். புத்தகத்தின் பெயர் திகில், உள்ளே கடல் சாகசம்! பிரின்ஸ் நல்ல தொடர், மறுப்பதற்கில்லை. ஆனால் அவரை எந்த அட்டைக்குள்ளும் வைக்கலாம். கருப்புக் கிழவியின் கதைகளுக்கு அந்த அட்டை ஒன்றுதான் வீடு. தனக்கென்று ஒரு குணம் இருந்த தொகுப்பு, நாயகர்கள் வந்தபின் மற்றப் புத்தகங்களில் இன்னொன்றாகிப் போனது. என் தீர்ப்பு இது. பிரின்ஸின் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

கருப்புக் கிழவியும் தொடர்ந்து வருகிற பாத்திரம்தானே என்று மடக்கலாம். ஆமாம், அவள் மாதிரி ஆள் எத்தனை பேர் வந்தாலும் எனக்குச் சம்மதம். அவளுக்கு என்ன நடக்கும் என்று யாரும் கவலைப்படுவதில்லை. அவள் வாசலில் நின்று மற்றவர்களை உள்ளே விடுகிறாள். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் மாதாமாதம் முருங்கை மரத்துக்குப் போனதும் அப்படித்தான். ராஜாவும் வேதாளமும் எந்த மாதத்திலும் ஓர் அங்குலம் முன்னேறவில்லை. கதை முழுக்க வேதாளம் சொன்ன ஆட்களுடையது, அது அந்த மாதத்தோடு தீர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சிரித்திரன் சுந்தரின் சவாரித் தம்பரை எடுத்தாலும் ஆள் பழையவர், சிரிப்பு அன்றன்றைக்குப் புதியது. தொடர்ச்சி தேவை என்கிறவர்களுக்கு இந்த அளவுத் தொடர்ச்சி போதாதா?

இதுவரை வியாபாரம் பேசினேன். கலையைப் பேசினால் எதிர்த்தரப்பு இன்னும் பலவீனமாகிறது. தொடர் நாயகன் சாகமாட்டான். இது வாசகனுக்குத் தெரியும், வில்லனுக்கு மட்டும்தான் தெரியாது. சாகாதது மட்டுமல்ல, மாறவும் மாட்டான், மாறினால் அடுத்த மாதம் விற்கவேண்டிய சரக்கு கெட்டுப்போகும். மாயாவியையே பாருங்கள். கென் பல்மர் எழுதிய முதல் கதையில் அவர் கெட்டவர். விபத்தில் கிடைத்த சக்தி தலைக்கேறி, ஊரையே மிரட்டுகிற ஆள். கதைக்குள் ஒரு மனிதன் உடைந்து மறுபடி சேருகிறான். அதை அங்கேயே நிறுத்தியிருந்தால் அது ஒரு முழுமையான கதை. நிறுத்தவில்லை. ரகசிய உளவாளியாக்கினார்கள், பிறகு முகமூடியும் உடையும் போட்டு அமெரிக்க மாதிரி சூப்பர் ஹீரோவாக்கினார்கள். நீட்ட நீட்ட, தொடக்கத்தில் இருந்த அந்தக் கிறுக்கு மனிதன் காணாமல் போனான்.

இன்னொரு பக்கம், 1955-இல் அமெரிக்காவில் இம்பாக்ட் என்ற தொகுப்புச் சஞ்சிகையின் முதல் இதழில் எட்டுப் பக்கக் கதை ஒன்று வந்தது. பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் வரைந்தது. நாஜி வதைமுகாமை நடத்திய ஒருவன் நியூயோர்க்கில் பாதாள ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஒரு முகம் வந்து உட்காருகிறது. அவ்வளவுதான் கதை. ஆறு பக்கம் கொடுத்தார்களாம், கிரிக்ஸ்டீன் பன்னிரண்டு கேட்டார், எட்டுதான் கிடைத்தது. கேட்ட இடம் கிடைக்காததால் கட்டங்களைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அடுக்கினார். கடைசிப் பக்கத்தில் அவன் தண்டவாளத்தில் விழ, ஓடும் ரயிலின் ஜன்னல்களில் பயணிகளின் முகம் ஒன்றே நாலாகவும் ஐந்தாகவும் இழுபட்டுப் போகிறது. வேகத்தைக் காகிதத்தில் அப்படிப் பிடித்ததற்கு முன்னுதாரணம் மிகக் குறைவு. அந்த ஆள் அதற்கு முன் எந்தக் கதையிலும் வரவில்லை, பின்னும் வரப்போவதில்லை. அவன் தப்புவானா என்பது நமக்கு உண்மையிலேயே தெரியாது. எட்டுப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைப்பது அந்தத் தெரியாமைதான்.

இப்போது நம் ஊருக்கு ஒரு கதை. யார் வேண்டுமானாலும் எடுத்து வரையலாம், நான்கு பக்கம்.

முதல் பக்கம்: அந்தி நேரம், மழைத் தூறல், கொழுந்து மடுவத்தில் வரிசை. ஒருத்தியின் சாக்கைத் தராசில் மாட்டுகிறார்கள். முள் 19-இல் நிற்கிறது. இரண்டாம் பக்கம்: கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தாமலே 17 என்று எழுதுகிறார். சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு கழிவு. முழுச் சம்பளத்துக்கு அன்றைக்கு எடுக்கவேண்டியது 18, குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அவள் புத்தகத்தை எட்டிப் பார்க்கிறாள், பின்னால் நிற்பவள் இடிக்கிறாள், நகர்கிறாள். மூன்றாம் பக்கம்: லயம், அடுப்படி. ஏழாம் வகுப்பு மகன் கணக்குப் பாடம் செய்கிறான். "அரைப்பேர்தான்" என்கிறாள் அம்மா, வேறெதுவும் பேசவில்லை. நான்காம் பக்கம்: விடியற்காலை, பிரட்டுக்கு ஆள் கூடும் முன், மடுவத்தில் பையன் தனியே. அதே சாக்கை, நனைந்தபடியே, வெறுமையாகத் தராசில் மாட்டுகிறான். கடைசிக் கட்டத்தில் முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இந்தக் கதைக்குள் ஒரு மாயாவியை விடுங்கள். இரும்புக் கை ஒன்று வந்து தராசை நிமிர்த்தும், கணக்கப்பிள்ளை அலறுவார், லயமே கைதட்டும். வாசகனுக்கு ஒரு நிமிடச் சந்தோஷம். அடுத்த மாதம் இன்னொரு தோட்டத்தில் இன்னொரு கணக்கப்பிள்ளை தேவைப்படுவார். ஆறாவது மாதத்தில், தோட்டத்தில் நடக்கிற அநியாயம் எல்லாம் நாயகன் வந்து போவதற்கான சாக்காகிவிடும். அந்தப் பெண்ணின் அரைப்பேரை யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள்.

நம் வரலாறும் திரும்பி வருகிற நாயகனுக்கு ஏற்றதாக இல்லை. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது நாடற்றிருந்த நம் மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். பதுளை ஸ்டேசனில் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களின் கதை, இங்கே இருந்தவர்களைப் பொறுத்தவரை அந்த மேடையிலேயே அறுந்தது. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எத்தனை கதைகள் பாதியில் நின்றன? இப்படிப் பாதியில் நிற்கும் வாழ்க்கையைச் சொல்ல, பாதியில் நிற்கத் தெரிந்த வடிவம் வேண்டும்.

அந்த வடிவம் நமக்குப் புதிதும் அல்ல. மலையக எழுத்தின் பலமே சிறுகதைதானே. 1971-இல் வீரகேசரி வெளியிட்ட கதைக்கனிகள் தொகுப்பு, என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து, 1997-இல் துரைவி பதிப்பகம் கொண்டுவந்த மலையகச் சிறுகதைகள், உழைக்கப் பிறந்தவர்கள். பின்னிரண்டையும் தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். நம் ஊவாத் தோட்டத்தில் பிறந்து, இதே பதுளைப் பக்கத்துத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டவர். ஒற்றையறை லயத்து நெருக்கடியை அவரது மீன்கள் சொன்ன அளவுக்கு ஒரு நாவல் சொல்லியிருக்கிறதா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் யாரும் தங்களுக்கென்று ஒரு தொடர் நாயகனை உருவாக்கி வைத்துக்கொண்டு எழுதவில்லை. எழுத்தில் நமக்குச் சரியாக வந்த வழியை, படம் போடும்போது மட்டும் ஏன் கைவிடவேண்டும்?

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தைத் தொடாமல் போனால் அது கோழைத்தனம். வருடக்கணக்காக ஒரு பாத்திரத்தோடு வாழ்ந்தால் உண்டாகும் பாசத்தைத் தனிக்கதை தரமுடியாது என்கிறார்கள். உண்மை. இரத்தப் படலம் தொடரை வாசித்தவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன். இடது காறை எலும்பருகே பதிமூன்று என்று பச்சை குத்திய, தன் பெயரே தெரியாத அந்த மனிதனுக்காக அவர்கள் வயதாகும்வரை காத்திருந்தார்கள். 2010-இல் 18 பாகமும் ஒரே புத்தகமாக வந்தபோது அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஏந்திக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தொடரை நடத்தியது ஒரு கேள்வி: நான் யார்? கேள்விக்குப் பதில் வந்தால் முடியவேண்டிய கதை அது. 2007-இல் அதை உருவாக்கியவர்கள் முடித்தும் வைத்தார்கள். பதிப்பாளருக்கு மனம் ஆறவில்லை, 2011-இல் வேறு கைகளில் கொடுத்து மறுபடி தொடங்கினார்கள். நீளம் எனக்கு எதிரி அல்ல. முடிய மறுப்பதுதான் எதிரி. தினத்தந்தியில் 1960-இல் கப்பலேறிய கன்னித்தீவு சிந்துபாத் இருபதாயிரம் பகுதி தாண்டியும் கரை சேரவில்லை. இழுத்துக்கொண்டே போகும் வழக்குக்கும் கட்டாத வீட்டுக்கும் நாம் இன்றும் அவன் பெயரைத்தான் வைக்கிறோம், பாசத்தினால் அல்ல.

தொழில் ரீதியாகவும் ஒன்று சொல்லவேண்டும். 1977-இல் தொடங்கிய 2000 ஏடி சஞ்சிகையின் முகம் ஜட்ஜ் டிரெட்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஓரத்தில் நாலைந்து பக்கத் தனிக்கதைகளுக்கென்று ஃபியூச்சர் ஷாக்ஸ் என்ற பகுதியை வைத்திருந்தார்கள். புதியவர்கள் அங்கேதான் கை பழகினார்கள். ஆலன் மூர் அவர்களில் ஒருவர். நான்கு பக்கத்தில் ஆரம்பம், திருப்பம், முடிவு மூன்றையும் அடக்கத் தெரிந்தவனுக்கு நானூறு பக்கம் பின்னால் வரும். மறுவழியில் வந்தவர்களை நான் கண்டதில்லை. பதுளையில் ஓவியம் கற்பிக்கும் பாடசாலைகளில் படம் போடத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பத்து வருடம் ஓடும் நாயகனை உருவாக்கச் சொல்வது, மிரட்டி ஓடவைப்பதற்குச் சமம். நான்கு பக்கம் கேட்டால் அடுத்த விடுமுறைக்குள் தந்துவிடுவார்கள். நன்றாக வராவிட்டால் இழப்பும் நான்கு பக்கம்தான்.

ஆகவே, சஞ்சிகை தொடங்க நினைப்பவர்களுக்கு: ஹீரோவுக்குப் பெயர் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். முதல் இதழுக்கு எட்டுக் கதை வேண்டும், எட்டும் அதே இதழில் முடியவேண்டும். மடுவத்துத் தராசு மேலே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் ஏழும் பசறையிலும் ஹாலிஎலயிலும் அப்புத்தளையிலும் யாரோ ஒருவருக்குத் தெரிந்த கதைகள்தான், போய்க் கேளுங்கள்.